பேர் எழுதாத பன்னிரண்டு சீட்டு

ஃபேனைப் போட்டால் எல்லாம் பறந்துவிடும். அதனால் போடவில்லை. முதுகில் வேர்வை வழிந்து ரவிக்கை ஒட்டிக்கொண்டுவிட்டது, இருக்கட்டும். மணி பத்தே முக்கால். ஸ்கேன் பதினொரு மணிக்கு என்று பெரியவள் மேகலா சொல்லியிருந்தாள். பதினொரு மணி என்றால் அந்த ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு ஆகும், முன்னால் பத்து பேராவது உட்கார்ந்திருப்பார்கள், தண்ணீர் குடி குடி என்பார்கள், குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். போன தடவை நான்தான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். இந்தத் தடவை மாப்பிள்ளை லோகு பிடித்திருப்பார். அவருக்கு மூடியைத் திறந்து கொடுக்கத் தெரியுமோ தெரியாதோ. எனக்கு இங்கே வேலை இருக்கிறது. அவளுடைய கல்யாணப் புடவை வந்த அட்டைப் பெட்டி நிறையக் கூப்பன் சேர்ந்து கிடக்கிறது, இன்றைக்குத்தான் பிரித்து அடுக்க நேரம் கிடைத்தது. நேரம் கிடைத்தது என்று சொல்வது பொய். காலையில் வெண்டைக்காய் நறுக்கும்போது விரலை நறுக்கிக்கொள்ளப் பார்த்தேன். காகிதம் கத்தி மாதிரி வெட்டாது. டீத்தூள் பாக்கெட்டின் ஓரத்தில் இலைப் படம் போட்டிருக்கும், அதைக் கத்தரித்து இருபது சேர்த்தால் எவர்சில்வர் டிபன் டப்பா. பதினேழு இருக்கிறது. சோப்புத்தூள் உறையில் வரும் சீட்டு ஒன்பது. எண்ணெய் பாக்கெட்டுக்குள் வழவழவென்று வந்த தள்ளுபடிச் சீட்டு நான்கு, அதில் இரண்டுக்குத் தேதி முடிந்துவிட்டது. தேதி முடிந்ததை ஒரு பக்கம், முடியாததை ஒரு பக்கம் வைக்கிறேன். முடிந்ததைத் தூக்கிப் போட வேண்டியதுதான், ஆனால் போட மாட்டேன், ரப்பர் பேண்ட் போட்டு அடியில் வைப்பேன். சின்னவள் அபிநயா பெங்களூரிலிருந்து வரும்போதெல்லாம் இதைப் பார்த்துச் சிரிப்பாள். "ஏம்மா, செத்துப் போன கூப்பனுக்கெல்லாம் எதுக்கு ரப்பர் பேண்டு? இப்பெல்லாம் போன்லயே வருது, ஒரு நம்பரைத் தட்டுனா முடிஞ்சுது." அவளுக்கு எல்லாமே ஒரு நம்பரைத் தட்டினால் முடிகிறது. செத்துப் போன என்று அன்றைக்கு அவள் சொன்னது இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது. வரக் கூடாது. பக்கத்தில் இருந்த புளி ஜாடியை எடுத்து அந்தக் கட்டின் மேல் வைத்தேன்.

மேகலாவுக்கு இன்றைக்கு ஒன்பது வாரம் நான்கு நாள். முதல் தடவை ஒன்பது வாரத்தில் நின்றது, இரண்டாவது பத்தாவது வாரத்தில். நின்றது என்றுதான் டாக்டரம்மாவும் சொன்னார், ஏதோ பஸ் நின்றது மாதிரி. இவளுடைய அப்பா பஸ் பாடி கட்டும் கம்பெனியில் முப்பது வருஷமாக வெல்டிங் வைக்கிறார், நின்ற பஸ்ஸை எப்படி ஓட வைப்பது என்று அங்கே யாருக்காவது தெரியும். இதற்கு யாரிடம் போய்க் கேட்பது. மூன்று வாரத்துக்கு முன்னால், ஏழாவது வாரத்தில், மேகலா போனில் ஒரு சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினாள். டுக்டுக் டுக்டுக் என்று, குதிரை ஓடுகிற மாதிரி அவ்வளவு வேகம். முதல் நாள் நான்கு முறை கேட்டேன். அவரும் கேட்டார், கேட்டுவிட்டு, "மோட்டார் நல்லா இருக்குதே புள்ள" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் நான் அதைத் தொடவில்லை. கேட்கக் கேட்கத் தேய்ந்துவிடுமோ என்று ஒரு பயம். இப்போது அந்தப் போனை முழங்காலுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நிமிர்த்தி வைத்தால் பார்த்துக்கொண்டே இருப்பேன். மணி பதினொன்று ஐந்து. தண்ணீர் குடித்து முடித்திருப்பாள். கூப்பிட வேண்டாம். அவளே கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். "வெள்ளிக்கிழமை ஸ்கேனும்மா. நீ வர வேண்டாம். அவரே கூட்டிட்டுப் போறாரு. முடிஞ்சதும் நானே பேசறேன்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு எப்படியோ போய் நின்றிருப்பேன். நாமக்கல்லா டெல்லியா, ஆஸ்பத்திரி இதோ பக்கத்தில் காந்தி கிராமத்தில்தான், பைக்கில் இருபது நிமிஷம். சரி கண்ணு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இந்தப் பன்னிரண்டு சீட்டுத்தான் இன்றைக்கு அவசரம். டிபார்ட்மென்ட் ஸ்டோரில் ஆண்டு விழா, ஐந்நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் ஒரு சீட்டு, பேர் விலாசம் போன் நம்பர் எழுதி இன்று சாயந்தரத்துக்குள் பெட்டியில் போட வேண்டும், குலுக்கலில் முதல் பரிசு வாஷிங் மெஷின். விலாசம் பன்னிரண்டிலும் எழுதிவிட்டேன். போன் நம்பர் எழுதிவிட்டேன். பேர் போடுகிற கோடு மட்டும் பன்னிரண்டிலும் காலியாக இருக்கிறது. நேற்று ராத்திரி அவர் பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, பேரில்லாம போட்டா கடைக்காரனே எடுத்துக்குவான்" என்றார். "எழுதறனுங்க" என்றேன். "எப்பவும் போல அபி பேரை எழுது, அவதான ராசிக்காரி" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். எங்கள் வீட்டில் அப்படித்தான். எந்தச் சீட்டாக இருந்தாலும், எந்தக் குலுக்கலாக இருந்தாலும் சின்னவள் பேர்தான். பெரியவள் பிறந்த அதே வாரம் அவருடைய கம்பெனியைப் பூட்டினார்கள், ஐந்து மாதம் வேலை இல்லை, பச்சை உடம்போடு நான் பனியன் மடிக்கப் போனேன். சின்னவள் பிறந்த அன்று அவருக்கு வேலை நிரந்தரமானது. இதில் பிள்ளைகள் செய்தது ஒன்றுமில்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை என்று சொல்ல முடியுமா? அப்போதும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் வாய் ஒரு தடவை சொல்லிப் பழகினால் பிறகு மனசும் அதையே சொல்கிறது. பெரியவளுக்கு ராசி கம்மி. பால் திரிந்தாலும் சொன்னேன், அவள் கூட வந்த அன்று கடை பூட்டியிருந்தாலும் சொன்னேன். விளையாட்டு மாதிரி சொல்வேன், அவளும் சிரிப்பாள். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான், என் எழுத்து கோழி நடந்த மாதிரி இருக்கும், அதனால் எல்லாச் சீட்டையும் மேகலாதான் எழுதுவாள். குப்புறப் படுத்துக்கொண்டு, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, அபிநயா அபிநயா அபிநயா என்று முத்து முத்தாக எழுதுவாள். எத்தனை வருஷம், எத்தனை நூறு சீட்டு. தங்கச்சி பேரை எழுதி எழுதியே அவளுக்குக் கையெழுத்து அழகானது.

மணி பதினொன்று இருபது. உள்ளே கூப்பிட்டிருப்பார்களா? வயிற்றில் தடவுகிற அந்தக் கூழ் ஜில்லென்று இருக்கும், அவளுக்குக் கூச்சம் ஜாஸ்தி, நெளிவாள். பேனாவை எடுத்தேன், முதல் சீட்டில் வைத்தேன், எடுத்துவிட்டேன். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், இந்தத் தடவை மேகலா பேரை எழுத வேண்டும் என்று போன வாரமே நினைத்துவிட்டேன். பன்னிரண்டிலும் அவள் பேர். எழுதினால் அவளுக்கு நான் பட்ட கடனில் கொஞ்சமாவது தீரும். ஆனால் நேற்று மத்தியானம் பாத்திரம் விளக்கும்போது இன்னொன்று தோன்றிவிட்டது. ஒருத்திக்கு ராசி என்று ஏதோ கொஞ்சம்தான் கொடுத்து அனுப்பியிருந்தால்? இவளுக்கு இருப்பதே ஒரு கைப்பிடி என்றால்? நான் பாட்டுக்கு இவள் பேரை எழுதி, அந்தக் கைப்பிடியும் ஒரு வாஷிங் மெஷினுக்குப் போய்விட்டால், அங்கே ஸ்கேன் ரூமில் அவளுக்கு என்ன மிச்சம் இருக்கும்? வேண்டாம், எழுத வேண்டாம், அவள் ராசியை இன்றைக்கு யாரும் தொட வேண்டாம். சரி, அபி பேரை எழுது என்றால் கை வரவில்லை. இன்றைக்கும் இவளை ஒதுக்கிவிட்டுச் சின்னவள் பேரா என்று எங்கோ ஒரு கணக்கில் ஏறிவிடும். என் பேரை எழுதலாம், ஜெயக்கொடி, நான்கெழுத்துத் தாண்டி எழுதினால் கோடு பத்தாது, எழுதலாம், ஆனால் அம்மா ராசி வேறு, மகள் ராசி வேறு என்று யார் பிரித்தார்கள். காலியாகவே இருக்கட்டும். போன் வரட்டும். போன் வந்து, துடிப்பு இருக்கும்மா என்று அவள் சொல்லட்டும், சொன்ன மறு நிமிஷம் எழுதிவிடுகிறேன். பைத்தியக்காரத்தனம் என்று தெரிகிறது. ஊறப் போட்ட அரிசியும் உளுந்தும் சமையலறையில் உப்பிக்கொண்டு கிடக்கின்றன, அதை ஆட்ட வேண்டும். கிரைண்டர் ஓடினால் போன் சத்தம் கேட்காது. அதுவும் அப்புறம்தான்.

கிரைண்டர். அதைப் பற்றி நினைக்கக் கூடாது என்றுதான் அடுப்பு வேலை முடிந்ததிலிருந்து சமையலறைப் பக்கம் போகாமல் இருக்கிறேன். அது வாங்கினது இல்லை, பரிசாக விழுந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பாத்திரக் கடை, தீபாவளிக் குலுக்கல், இருபது வருஷம் ஆகிறது. மேகலாவுக்கு எட்டு வயசு, அபிக்கு நான்கு. நான்கு சீட்டு இருந்தது. வழக்கம் போல மேகலா எழுதினாள். கடையில் பெட்டியில் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்தேன். மூன்றில் அபிநயா. நான்காவதில் மேகலா. பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பூ, ஐந்து இதழ், ஒரு காம்பு. முந்தின நாள் கேட்டாள்தான், "அம்மா, ஒண்ணே ஒண்ணு எம்பேருக்கு எழுதிக்கட்டுமா?" அதெல்லாம் வேண்டாம் சாமி, வீணாகிரும் என்று சொல்லியிருந்தேன். சொல்லியும் எழுதியிருக்கிறாள். அவள் வெளியே அபியைக் கையில் பிடித்துக்கொண்டு பலூன்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடை மேசையில் நூல் கட்டின பேனா இருந்தது. அதை எடுத்து மேகலா மேல் ஒரு கோடு போட்டேன். மேலே அபிநயா என்று என் கோணல் எழுத்தில் எழுதினேன். பூவை மட்டும் அடிக்கவில்லை, ஏனென்று தெரியாது, அடிக்க மனசு வரவில்லை. பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். பத்து நாள் கழித்து ஆள் வந்தது, உங்க அபிநயாவுக்கு கிரைண்டர் விழுந்திருக்குது என்று. தெருவே வந்து பார்த்தது. நாங்கள் நான்கு பேரும் போனோம். கையெழுத்துப் போடச் சொல்லிக் கடைக்காரர் அந்தச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். கோடு. கோட்டுக்கு மேலே கோணல் எழுத்து. ஓரத்தில் பூ. "ஏனுங்கம்மா, ரெண்டு பேரு இருக்குது, எந்தப் பாப்பாவுக்கு?" என்றார். "சின்னவளுக்குங்க" என்றேன். "எந்தப் பேரா இருந்தா என்ன, உங்க ஊட்டுக்கு வர்றது ஒரே கிரைண்டருதான" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இவளுடைய அப்பா வெளியே ஆட்டோ பேசிக்கொண்டிருந்தார். மேகலா அட்டைப் பெட்டி மேல் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். பார்த்தாளா பார்க்கவில்லையா, எனக்கு இன்று வரை தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அவள்தான் எல்லோரிடமும் சொன்னாள், "எங்க பாப்பா ராசிக்கு விழுந்துச்சு." நான் திருத்தவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் போன பிறகு அதைச் சொல்வது வெட்கமாக இருந்தது, ஒரு வருஷம் போன பிறகு சொல்ல வேண்டியதே இல்லை என்று ஆகிவிட்டது. இருபது வருஷமாக அந்தக் கிரைண்டரில் மாவு ஆட்டி அந்த மாவில் இட்லி ஊற்றி இரண்டு பேருக்கும் போட்டு, பெரியவளுக்கு ராசி கம்மி என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருஷமும் சொன்னேன். அதுதான். இரண்டாவது தடவை நின்றபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில், எதிர்வீட்டு ருக்குமணியக்கா துணைக்கு வந்திருந்தது, நான் அழுதுகொண்டே, என்ன பேசுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல், "என்னங்க்கா பண்றது, மூத்தவளுக்கு எதுலயுமே ராசியில்லீங்க்கா, பொறந்ததுல இருந்தே அப்படித்தான், சின்னவ மாதிரி இல்ல" என்றேன். பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் கட்டிலில் அவள், மயக்கம் தெளிந்து. திரையை விலக்கினபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்திருந்தாள். தண்ணி வேணுமா கண்ணு என்றேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்து படுக்கையை விரித்துக் கொடுத்தபோதுதான், "அம்மா, நீ சொல்றது நெசம்னா, இனி எனக்கு எதுவும் நடக்கும்போது நீ பக்கத்துல இருக்காத. உனக்கும் ஒட்டிக்கப் போகுது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சின்ன வயசிலிருந்து அந்த மாதிரிச் சிரிக்க நான்தானே பழக்கி வைத்தேன். மணி பன்னிரண்டு. பன்னிரண்டு ஐந்து. நல்லது என்றால் உடனே சொல்லியிருப்பாள், இல்லை, நல்லது என்றால்தான் டாக்டரிடம் நின்று பேசுவார்கள், மாத்திரை எழுதுவார்கள், மருந்துக் கடையில் கூட்டமாக இருக்கும். டீத்தூள் இலையை மறுபடி எண்ணினேன், பதினாறு. ஒன்று எங்கே. பாயைத் தூக்கிப் பார்த்தேன், புடவையை உதறினேன். ஒன்று எங்கே போயிருக்கும், இப்போதுதானே இருந்தது, இங்கேயேதான் இருந்தது, நான் எழுந்துகூடப் போகவில்லையே. காலுக்கடியில் ஒட்டியிருந்தது. வேர்வையில் நைந்துபோய் இலையின் பச்சை என் உள்ளங்காலில் இருந்தது. அப்போது போன் அடித்தது.

"அம்மா" என்றாள். அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. "சொல்லு கண்ணு." "இல்லம்மா. துடிப்பு இல்லைன்னுட்டாங்க. ரெண்டு தடவ வச்சுப் பாத்தாங்க. நாலு நாளைக்கு முன்னயே நின்னிருக்கும்னு சொல்றாங்க." நாலு நாள். நான் இந்தச் சீட்டில் விலாசம் எழுதத் தொடங்கியதும் திங்கட்கிழமைதான். அப்போதே இல்லை. நேற்றெல்லாம் நான் எதைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்? "சாயந்தரம் க்ளீன் பண்ணணுமாம். இங்கயே இருக்கச் சொல்லிட்டாங்க." "சாப்பிட்டயா" என்றேன். என்ன கேள்வி அது. "சாப்பிடக் கூடாதும்மா." பின்னால் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுவது கேட்டது. "என்ன பண்ணிட்டு இருக்க?" என்று அவள் கேட்டாள். "கூப்பன் அடுக்கிட்டு இருக்கேன் சாமி." "எழுதிட்டயா?" "பேரு எழுதல." "ஏன்?" என்றாள். ஏன் என்று அவள் கேட்ட அந்த நேரத்தில் எனக்கு வாயில் வேறு எதுவும் வரவில்லை. "மேகலா, அந்தக் கிரைண்டர் உஞ்சீட்டுக்கு விழுந்தது." "எந்தக் கிரைண்டரு?" "நம்மூட்டுக் கிரைண்டர். நீ பூப் போட்டு வச்சிருந்தயே ஒண்ணு. உம்பேரை அடிச்சுட்டு அபி பேரை எழுதிப் போட்டேன். அதுக்குத்தான் விழுந்துச்சு. சீட்டை நான் கண்ணால பாத்தேன். உங்கிட்டச் சொல்லல." வைத்துவிட்டாளோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், நொடி ஓடிக்கொண்டிருந்தது. "நீ அதைக் கிழிச்சுப் போட்டிருப்பேன்னு நெனச்சேன்" என்றாள். "பெட்டியில போட்டயா?" "போட்டேன் கண்ணு." பிறகு, "இதை ஏம்மா இன்னிக்குச் சொல்ற" என்றாள், கேள்வி மாதிரி இல்லை, களைத்துப்போன குரல். அவள் மூக்கை உறிஞ்சினாள். "பழைய நைட்டி ஒண்ணு எடுத்துட்டு வா. அந்த ப்ரவுன் கலரு. துண்டு ரெண்டு." "நான் வரட்டுமா?" என்றேன். "பின்ன யாரு வருவா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவருக்குப் போன் செய்தேன். சொன்னேன். வெல்டிங் சத்தம் நின்றது. "கால் மணி நேரத்துல வர்றேன் புள்ள, ரெடியா இரு" என்றார். ப்ரவுன் நைட்டி பீரோவில் அடித்தட்டில் இருந்தது, போன தடவை துவைத்து மடித்து நான்தான் வைத்தேன். துண்டு இரண்டு, ஃபிளாஸ்க், சீப்பு, எல்லாம் பையில் வைத்தாகிவிட்டது. சமையலறையில் போய் அரிசியையும் உளுந்தையும் தட்டுப் போட்டு மூடினேன், புளித்தால் புளிக்கட்டும். கிரைண்டர் மேல் கையை வைத்தேன், கல் ஜில்லென்று இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். மணி பன்னிரண்டு இருபத்தைந்து. இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. பன்னிரண்டு சீட்டும் பாயில் அப்படியே கிடந்தன. இனிமேல் எழுதலாம். தீர்ந்துவிடும் என்று பயப்பட இப்போது ஒன்றும் இல்லை. போகிற வழியில்தான் கடை, வண்டியை நிறுத்துவோமோ மாட்டோமோ, அது பற்றி எனக்குக் கவலை இல்லை. பேனாவை எடுத்து மேகலா என்று எழுதினேன். என் எழுத்துத்தான், மே பெரிதாகவும் க சின்னதாகவும் லா கோட்டை விட்டு இறங்கியும். இரண்டாவதில் எழுதினேன். மூன்றாவதில். இவ்வளவு வருஷத்தில் இவள் பேரை நான் எங்காவது எழுதியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன், அந்த ஒரு தடவை அடித்ததைத் தவிர. ஆறு, ஏழு, எட்டு. கண்ணில் இருந்து சொட்டு விழுந்து ஒன்பதாவது சீட்டில் க கலைந்துவிட்டது, அதன் மேலேயே மறுபடி எழுதினேன். பன்னிரண்டாவதில் மே எழுதி க எழுதும்போது வாசலில் பைக் ஹாரன் கேட்டது. இன்னொரு தடவை அடித்தார். பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்க என்னால் முடியவில்லை. லா போட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.